மேடத்தை எங்கே கொண்டுபோய் விடுவது

மார்ச் 6, புதன்

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. இரண்டு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றைக்கு எடுக்கக் காரணம், பிரின்சிபால் ஆபீஸிலிருந்து வந்த காகிதம். ஆங்கிலத் துறை திருமதி (அதை அடித்துவிட்டு மேலே 'செல்வி' என்று பேனாவால் எழுதியிருக்கிறார்கள்) சி. மங்கையர்க்கரசி மே 31 அன்று பணி ஓய்வு பெறுவதால், ஜூன் 15-க்குள் குவார்ட்டர்ஸ் நம்பர் நான்கைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் செல்வி. சரி, போகட்டும்.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. தம்பி அரசு கோயம்புத்தூரில் வீடு கட்டி முடிக்கப் போகிறான். மாடியில் எனக்கென்று தனி ரூம். சாயங்காலம் போனில் அரை மணி நேரம் அந்த ரூமைப் பற்றியே பேசினான். பாத்ரூமில் வழுக்காத டைல்ஸ், கட்டில் பக்கத்திலேயே சுவிட்ச், இன்னும் என்னென்னவோ. எத்தனை பேருக்கு இப்படி ஒரு போக்கிடம் இருக்கிறது? எனக்கு இருக்கிறது. நிம்மதியாகத் தூங்கலாம்.

கடைசி செமஸ்டர். இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு வழக்கமான வேலையைக் கொடுத்துவிட்டேன். நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஆங்கில நாவலைப் படித்துவிட்டு, அதில் வருகிற வீட்டுக்குப் பிளான் வரைந்து கொண்டுவர வேண்டும். வாசல் எங்கே, மாடிப்படி எங்கே, யார் எந்த ரூமில். வரைந்து பார்த்தால்தான் அந்தக் கதை புரியும். முப்பத்தோரு வருஷமாக இதைச் செய்கிறேன். எந்த நாவல் என்று எழுத வேண்டியதில்லை. இந்த டைரியைப் படிக்கப் போவது நான் ஒருத்திதான், எனக்குத் தெரியும்.

மார்ச் 8, வெள்ளி

பதினெட்டு பிளான் வந்தது. பதினான்கு பேர் சமையலறையைத் தென்கிழக்கு மூலையில் போட்டிருக்கிறார்கள். அக்னி மூலையாம். இருநூறு ஏக்கர் புல்வெளிக்கு நடுவே, பனி கொட்டுகிற ஊரில் உட்கார்ந்திருக்கும் துரைக்கு எங்கள் பிள்ளைகள் வாஸ்து பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேர் பூஜை ரூம் வைத்திருக்கிறார்கள். ஒருத்தி ஈசானிய மூலையில் போர்வெல். வருஷா வருஷம் நடப்பதுதான், ஆனாலும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து குவார்ட்டர்ஸ் ஜெசிந்தா என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள். கணக்கு வாத்தியார் ஆயிற்றே, அந்தப் போர்வெல்லின் அளவு சரியில்லை என்றாள்.

வகுப்பில் சொன்னேன். அந்த நாவல்களில் வீட்டுக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்துத்தான் மனுஷர்களுக்கு மரியாதை. வீடு கைவிட்டுப் போனால் மானமும் கூடவே போகும். ஒரு பெண் யார் வீட்டு வண்டியில் ஏறுகிறாள், யார் வீட்டு வாசலில் இறங்குகிறாள் என்பதுதான் முழுக் கதையும், நடுவில் வருகிற காதல் எல்லாம் பயணத்துக்குக் கட்டிக்கொடுத்த சாப்பாடு மாதிரி என்றேன். காதலைக் குறைத்துப் பேசியதில் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

மார்ச் 12, செவ்வாய்

இன்றைக்கு ஃபர்ஹானா ஒரு கேள்வி கேட்டாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து, வாயே திறக்காத பெண். "மேடம், இந்த அத்தை எங்க தூங்குவாங்க?"

நாவலில் வீட்டுக்காரருக்குக் கல்யாணமாகாத அக்கா ஒருத்தி உண்டு. எல்லா அத்தியாயத்திலும் வருவாள். டீ ஊற்றிக் கொடுப்பாள், கிழிந்ததைத் தைப்பாள், மற்றவர்கள் பேசும்போது ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள். குதிரைக்குக்கூட லாயம் எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கிறது. அத்தைக்கு ரூம் எங்கே என்று ஒரு வரி இல்லை. பதினெட்டுப் பிளானிலும் அத்தை இல்லை.

அவங்களுக்குத் தூக்கமே வராது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வகுப்பே சிரித்தது. ஃபர்ஹானா சிரிக்கவில்லை. "முப்பது வருஷமா அங்கதானே இருக்காங்க மேடம்" என்றாள். சரி, நீயே ஒரு ரூம் போட்டுக் கொடு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு கட்டம் போட்டாள்.

முப்பத்தோரு வருஷம் பாடம் நடத்தியவளுக்கு இது தோன்றவில்லை, பார்.

மார்ச் 13, புதன்

ஏன் மாடி?

மார்ச் 20, புதன்

நாவலின் முக்கியமான இடம். அப்பா செத்ததும் வீடு பெண்களுக்குக் கிடையாது, தூரத்து ஆண் வாரிசுக்குப் போய்விடும், அந்த ஊர்ச் சட்டம் அப்படி. பிள்ளைகள் கொதித்துப்போனார்கள். பெற்ற பெண்ணை வாசலில் நிறுத்திவிட்டு முகம் தெரியாதவனுக்கு வீடா என்று ஆளாளுக்குச் சத்தம். ஃபர்ஹானா மட்டும் வேறு மாதிரி கேட்டாள். அந்தப் பெண்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா, எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா என்று. இல்லை, சட்டமே எடுத்துக் கொடுத்துவிடும், கையெழுத்து தேவையில்லை என்றேன். நம்ம ஊரில் பரவாயில்லை, நம்ம ஊரில் கேட்பார்கள் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

கேட்பார்கள்தான். எங்கள் குளித்தலை வீட்டுக்கு என்னிடமும் கேட்டார்கள். அம்மா தவறிய வருஷம் அது. அரசுக்கு இருபத்திரண்டு வயது, வேலை கிடைக்கவில்லை. பெரியப்பா சப்-ரிஜிஸ்தரார் ஆபீஸ் வாசலில் வைத்து, உனக்கென்னம்மா, குவார்ட்டர்ஸ் இருக்கு, சம்பளம் இருக்கு, ஆம்பளைப் பிள்ளைக்கு ஒரு பிடிமானம் வேண்டாமா என்றார். என் பங்கை விட்டுக்கொடுக்கிற காகிதம், விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பெயர். எனக்கு விடுதலையா, வீட்டுக்கு விடுதலையா, இன்றுவரை தெரியவில்லை. என் பேனாவிலேயே கையெழுத்துப் போட்டேன். மயில்கழுத்துக் கலரில் ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார்கள். நல்ல புடவை. யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை, நானேதான் போட்டேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

மார்ச் 21, வியாழன்

வருத்தம் கிடையாது என்று நேற்று எழுதியதை இன்றைக்குப் படித்தேன். பேனாவை அவ்வளவு அழுத்தி எழுதியிருக்க வேண்டாம். பின்பக்கம் தடம் விழுந்திருக்கிறது.

ஏப்ரல் 26, வெள்ளி. கோயம்புத்தூர்

அரசு வீட்டுக் கிரகப்பிரவேசம். அழகான வீடு. என் ரூமுக்குப் பூங்கோதையே கையைப் பிடித்து அழைத்துப்போனாள். அரசின் மனைவி, தங்கமான பெண், ஒரு குறை சொல்ல முடியாது. வந்தவர்களிடமெல்லாம், இது அண்ணி ரூம், இது அண்ணி ரூம் என்று காட்டினாள். கட்டில் போட்டு, விரிப்பு விரித்து, தலைமாட்டில் தண்ணீர் ஜக் வரைக்கும் வைத்திருந்தாள். புத்தக அலமாரி ஒன்று, மூன்று தட்டு. மீதிப் புத்தகத்தை லைப்ரரிக்குக் கொடுத்துவிட்டால் நாலு பேருக்குப் பயன்படும் அண்ணி என்றாள். என்னிடம் ஆயிரத்துச் சொச்சம் இருக்கிறது. நியாயமான யோசனைதான்.

காலையில் காபி மாடிக்கே வந்துவிடும். சமையல்கட்டுப் பக்கம் நான் வரவே வேண்டாமாம், இத்தனை வருஷம் உழைத்தது போதுமாம். பொழுது போகவில்லையென்றால் தெருப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லிக் கொடுக்கலாம், ஆறு வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாளாம். எல்லாமே யோசித்து வைத்திருக்கிறாள். நான் யோசிக்க ஒன்றும் பாக்கியில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அரசு மொட்டை மாடிக்கு வந்தான். குளித்தலை வீட்டை விற்றதில்தான் இந்த மனையை வாங்கினான். அதைச் சொல்ல வருகிறான் என்று முகத்திலேயே தெரிந்தது. "இது உன் வீடுதான்க்கா. நீ வந்து இருந்தாதான் எனக்கு இது கணக்குல சேரும்" என்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. எனக்கும்தான். ஆகட்டும்டா என்றேன். வேறு என்ன சொல்வது? பதினாறு வயதில் அப்பா இல்லாமல் நின்றவனை நான்தானே வளர்த்தேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

திருச்சி. கதவைத் திறந்ததும் முதல் வேலையாகப் பாலைக் காய்ச்சி, நான் குடிக்கிற சூட்டில், நான் குடிக்கிற அளவு காபி போட்டுக் குடித்தேன். அடேங்கப்பா, என்ன சுகம்.

ஜெசிந்தாவிடம் எல்லாம் சொன்னேன். எப்படி இருக்கு ரூம் என்றாள். ரொம்ப நல்லா இருக்கு என்றேன். நாலு தடவை நல்லா இருக்குன்னு சொல்லிட்டே மங்கை, ஒரு தடவை போதும் என்றாள். இந்தக் கணக்குக்காரிகளோடு பேசவே கூடாது.

மே 9, வியாழன்

லீவு விட்டாயிற்று. ஜெசிந்தாவுக்கு வீடு பார்க்க உறையூர் பக்கம் போனோம். அவள் ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கிறது. ஆனாலும் இப்போதே பார்த்து வைத்தால் நல்லதுதானே.

முதல் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒருத்தர் என்றதும் கதவு பாதி மூடிவிட்டது. இரண்டாவது வீட்டில் சார் என்ன பண்றார் என்றார்கள். சார் இல்லை என்றேன். ஐயோ, எப்போ தவறினார் என்று அந்த அம்மாள் உருகிவிட்டாள். அவர் பிறக்கவே இல்லை என்று வாய்வரை வந்தது, ஜெசிந்தா கிள்ளிவிட்டாள். ஆங்கில நாவலில் இந்தத் தொல்லை வராது. அங்கே தனிப் பெண்ணுக்கு யாரும் வீடு கொடுக்கிறதும் இல்லை, அவள் போய்க் கேட்கிறதும் இல்லை.

மூன்றாவது, நெசவாளர் தெருவில் ஒரு பின்போர்ஷன். முன்னால் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், செல்லம்மாள் என்று ஒரு அம்மாள், சாமிக்கு மாலை கட்டி விற்பவர். எங்களுக்கு வழி சந்திலிருந்து தனி வாசல். ஒரு ஹால், ஒரு ரூம், நல்ல வெளிச்சமான சமையலறை, ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரம். ஹாலில் ஒரு சுவர் முழுக்கக் காலி. தரையிலிருந்து கூரை வரைக்கும் ஷெல்ஃப் அடிக்கலாமா என்று கேட்டேன். தாராளமா அடிங்க என்றார். ஜெசிந்தா என்னையே பார்த்தாள். அவளிடம் புத்தகம் மொத்தம் நாற்பதுதான் தேறும்.

மே 14, செவ்வாய்

மத்தியானம் வெயில் எப்படி வருகிறது என்று பார்க்க மறுபடி உறையூர் போனேன். தனியாகத்தான். வெயில் நன்றாக இருக்கிறது.

மே 18, சனி

சாவி என் கைப்பையில் இருக்கிறது. எப்படி வந்தது என்று விவரமாக எழுதப் போவதில்லை. ஜெசிந்தா, எனக்கு நல்ல வீடா பாத்து வச்சிருக்கே, ரெண்டு வருஷம் நீ குடியிருந்து காவல் காத்துக்கொடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அரசுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு தடவை போன் செய்தேன். லைன் பிஸி.

மே 24, வெள்ளி

அரசே கூப்பிட்டான். 31-ஆம் தேதி விழாவுக்குக் காரில் வருகிறானாம், அன்றைக்கே கையோடு அழைத்துப்போய்விடுவானாம், சாமான்களுக்குப் பிறகு வண்டி அனுப்புவானாம். பூங்கோதை எனக்கு ரவை தோசைதானே பிடிக்கும் என்று கேட்கச் சொன்னாளாம். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேச முடிந்தது. நேரில் சொல்வதுதான் முறை.

மே 31, வெள்ளி

நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் என்னால் இன்றைக்கு வேறு எந்த வேலையும் செய்ய முடியாது.

பொன்னாடை பதினொன்று. குத்துவிளக்கு ஒன்று. பேச்சில் எல்லாரும் என்னைப் பொறுமைசாலி என்றார்கள், முப்பத்தோரு வருஷம் பக்கத்தில் இருந்தும் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அரசு முதல் வரிசையில் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தான். காலையிலேயே சொல்லிவிடலாம் என்றிருந்தேன். வரும்போதே காரில் ஸ்வீட் பெட்டிகளோடு வந்து இறங்கி, ஆசிரியர்கள் எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே, அக்கா இனி எங்களோடதான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். எப்படிச் சொல்வது? எழுதத் தெரிந்த அளவுக்கு எனக்குப் பேசத் தெரியவில்லை. சொல்லாமல் விட்டது என் தப்பு, நூற்றுக்கு நூறு என் தப்பு.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. ரிட்டயர் ஆகிறவரை மாலையும் கழுத்துமாக வண்டியில் ஏற்றி, துறையே கூடப் போய், அவர் வீட்டு வாசலில் இறக்கி, உள்ளே உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். நானே எத்தனையோ பேரைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். எல்லாருக்கும் ஒரு வாசல் இருந்தது. எனக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று தெரியும், ஆனால் இந்தக் கேள்வி வரும் என்று யோசிக்கவே இல்லை. துறைத்தலைவி ஹேமலதா வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "மேடம், எங்க கொண்டுபோய் விடணும்? குவார்ட்டர்ஸ்னா எதிர்லயே இருக்கு. இல்ல, சார் கூட நேரா கோயம்புத்தூரா?"

அரசு சிரித்துக்கொண்டே கார் கதவைத் திறந்துவிட்டான்.

பதினேழு பேர் நிற்கிறார்கள். கழுத்தில் ரோஜா மாலை கனக்கிறது. எனக்கு அந்த நேரத்தில் எந்தத் தைரியமும் வரவில்லை, பயம்தான் வந்தது. இந்தக் காரில் ஏறினால் இனி ஆயுசுக்கும் மாடிதான் என்று பயம். "உறையூர்" என்றேன். "நெசவாளர் தெரு. அங்கதான் என் வீடு."

அரசின் முகத்தை நான் மறக்க மாட்டேன். கோபம்கூட இல்லை. ஆள் கூட்டத்தில் கைப்பிடி நழுவிவிட்ட பிள்ளை மாதிரி நின்றான்.

வேன் போயிற்று. பின்னாலேயே அவன் கார். நெசவாளர் தெருவில் எல்லாரும் இறங்கி, ஒரு நாற்காலிகூட இல்லாத ஹாலில், பெருக்காத தரையில் மாலையோடு என்னை நிற்க வைத்தார்கள். தண்ணீர் கொடுக்க டம்ளர் இல்லை. செல்லம்மாள் அவர்கள் வீட்டிலிருந்து சொம்பும் நாலு டம்ளரும் கொண்டுவந்தார், கழுவிக் கழுவிக் கொடுத்தோம். அரசு உள்ளே வரவில்லை. சந்திலேயே நின்று, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா" என்றான். அப்புறம் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஸ்வீட் பெட்டி மிச்சம் இருந்ததைச் செல்லம்மாளிடம் கொடுத்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

ஜூன் 3, திங்கள்

அரசு போனை எடுக்கவில்லை.

ஜூன் 8, சனி

சாமான்கள் வந்து சேர்ந்தன. குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டேன். ஜெசிந்தா கூட வந்து புத்தகங்களை அடுக்கினாள். உயரவாரியாக அடுக்கிவிட்டாள், கணக்குப் புத்தி. நாளைக்கு எல்லாவற்றையும் பிரித்து எனக்குப் பிடித்தபடி அடுக்க வேண்டும். அவசரமில்லை, எனக்கு நேரம் கிடக்கிறது. முருங்கைக்கீரை அடை செய்தேன். ஐந்து சாப்பிட்டேன், எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அரசு எடுக்கவில்லை.

ஜூன் 12, புதன்

பூங்கோதை பேசினாள். அவருக்குக் கோபமில்லை அண்ணி, மாடிக்குப் போய் அந்த ரூமில் உட்கார்ந்துவிட்டு இறங்கி வருகிறார் என்றாள். பிறகு, நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா அண்ணி, புத்தகத்தைக் கொடுக்கச் சொன்னதா என்றாள். இல்லவே இல்லை, நீ நல்லாத்தான் செஞ்சிருக்கே, எனக்குத்தான் இருக்கத் தெரியல என்றேன். உண்மையும் அதுதான்.

ஜூன் 23, ஞாயிறு

பதினொரு மணிக்கு வாசலில் சத்தம். அரசு. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணமாம், வழியில் எட்டிப் பார்த்தானாம். பழைய சட்டை, முகம்கூடச் சரியாகச் சவரம் செய்யவில்லை. எந்தக் கல்யாணத்துக்கு இப்படிப் போவான்? நான் கேட்கவில்லை. உள்ளே வா என்றேன்.

நேராகச் சமையலறைக்குள் வந்துவிட்டான். நின்று சுற்றிப் பார்த்தான். பெண்கள் கல்லூரிக் குவார்ட்டர்ஸில் ஆண்கள் கேட்டுப் பக்கத்து விசிட்டர் ஹாலைத் தாண்டக் கூடாது, தம்பியானாலும் அண்ணனானாலும். முப்பத்தோரு வருஷமாக இவன் திருச்சிக்கு வந்தால் அந்த மர பெஞ்சில் வைத்துத்தான் பார்த்திருக்கிறேன். என் அடுப்பை அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மஞ்சள்பொடி டப்பாவைத் திறந்து பார்த்தான், மூடினான். "நீ எப்படிச் சமைப்பேன்னே எனக்கு மறந்துபோச்சுக்கா" என்றான்.

பருப்பு ரசம், அவரைக்காய்ப் பொரியல், அப்பளம். தரையில் உட்கார்ந்து மூன்று தடவை சோறு வாங்கிக்கொண்டான். சாப்பிட்டு முடித்து, காய்ந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"அந்த ரூமை என்னக்கா செய்யறது? உனக்குச் சேர வேண்டியதை அப்படியாவது கொடுத்துடலாம்னு நெனச்சேன்."

"அரசு, நான் அன்னைக்குக் கையெழுத்துப் போட்டது உனக்காகத்தான். ஆனா மனசுல கொஞ்சம் கசப்பு இருந்துச்சு, இல்லன்னு சொன்னா பொய். அதைப் போக்க எனக்கு உன் ரூம் வேண்டாம். எனக்கு ஒரு வீடு வேணும், அது வந்துடுச்சு. பொங்கலுக்கு வந்து உன் ரூம்ல பத்து நாள் இருக்கேன். பூங்கோதை கையால ரவை தோசை சாப்பிடறேன். அப்புறம் என் வீட்டுக்குத் திரும்பி வந்துடுவேன்."

அவன் கையைக் கழுவிவிட்டு வந்து, புத்தகச் சுவர் ஓரமாகத் துண்டை விரித்துப் படுத்தான். இரண்டு நிமிஷத்தில் குறட்டை. குளித்தலையில் படுப்பானே, அதே மாதிரி, ஒரு கையை முகத்துக்கு மேலே போட்டுக்கொண்டு. அவனுக்குக் காற்று வரட்டும் என்று ஃபேனைக் கூட்டி வைத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நாலு மணிக்குக் காபி குடித்துவிட்டுக் கிளம்பினான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன்க்கா" என்றான். குளித்தலையை விட்டு வந்ததிலிருந்து யார் வீட்டு வாசலிலும் அதைச் சொன்னவள் நான்தான், வாசலில் நின்று கேட்டவர்கள் மற்றவர்கள். "பாத்துப் போயிட்டு வா" என்றேன். கார் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். அப்புறம் உள்ளே வந்து காபி டம்ளர்கள் இரண்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.